மூன்றாவது மலையும் ஒரு வயர் நாற்காலியும்

உலகத்தில் மலைகள் மூன்றே மூன்று. முதலாவது, பிரான்சு தேசத்தில் இருபத்தொரு கொண்டை ஊசி வளைவுகளோடு நிற்கும் ஆல்ப் துவெஸ். இரண்டாவது, அதே தேசத்தில் உச்சந்தலையில் புல்கூட முளைக்காத மோன் வான்தூ. மூன்றாவது, கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை போகும் வழியில், தண்டவாளத்துக்கு மேலே இருபத்தாறு அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் ரயில்வே மேம்பாலம். மற்றதெல்லாம் மேடு. இமயமலை உட்பட.

இது 'கரிசல் வட்டார மலையேற்ற மிதிவண்டி ரசிகர் பேரவை'யின் முதல் தீர்மானம். ஏகமனதாக நிறைவேறியது. பேரவையில் மொத்தம் பதினோரு பேர். கண்ணுக்கெட்டிய தூரம் தோசைக்கல்லைப் போலத் தட்டையாகக் கிடக்கும் பூமியில் மலையேற்றத்துக்கு ஒரு பேரவை எதற்கு என்று கேட்பவர்களுக்குத் தலைவர் நந்தகோபால் பொறுமையாகப் பதில் சொல்வார்.

"மலை இருக்க ஊர்க்காரனுக்கு அது வெறும் கல்லுவே. இல்லாத ஊர்க்காரனுக்குத்தான் அது மலை."

நந்தகோபாலுக்குப் பருத்திக்கொட்டை, பிண்ணாக்கு மொத்த வியாபாரம். அவருடைய சரக்குக் கிட்டங்கியின் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்து, ஏசி போட்டு, ஒரு ஆள் உயரத்துக்கு டிவி மாட்டியிருந்தார். அதுதான் பேரவையின் தலைமையகம். ஞாயிறுதோறும் பதினோரு மணிக்குக் கூடுவார்கள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய சைக்கிள் பந்தயங்களின் மலைக் கட்டங்களை மட்டும் பார்ப்பார்கள். தட்டில் கடம்பூர் போளி இருக்கும். கண்ணில் நீர் இருக்கும்.

"இப்ப உள்ள பயலுவ ஹேண்டில்பார்ல மீட்டரைப் பாத்துல்லா மிதிக்கான். வலியைப் பாத்து எவன் மிதிக்கான்?"

"அன்னைக்கு உள்ளவனுக்குக் கம்பளிச் சட்டை. தோள்ல ஒரு டயரை மாலையா மாட்டிக்கிட்டுப் போவான். பஞ்சரானா அவனே ஒட்டணும்."

"வேதனைன்னா அது வேதனை அண்ணாச்சி. இப்ப எங்க இருக்கு வேதனை?"

வேதனை எங்கே இருக்கிறது என்று யோசித்தபடி இன்னொரு போளி எடுத்துக்கொள்வார்கள்.

பேரவையினர் மரபு மீறாதவர்கள். அந்தக் காலத்து வீரர்கள் சிகரத்தைத் தொட்டதும், இறங்கும்போது குளிர்காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க, சட்டைக்குள் செய்தித்தாளைச் செருகிக்கொள்வார்களாம். திரையில் வீரர் செருகும் அதே விநாடியில் பேரவையினரும் ஆளுக்கொரு தாளைச் செருகிக்கொள்வார்கள். அதற்காகவே ஏசியைப் பதினெட்டில் வைத்திருப்பார்கள். வெளியே கோவில்பட்டி முப்பத்தொன்பதில் வெந்துகொண்டிருக்கும்.

செயலாளர் கண்ணபிரான் ஓய்வுபெற்ற சர்வேயர். பேரவைக்கு அவர் ஆற்றிய பெரும்பணி, ஒரு புகைப்படம். ஊரில் மூடிப்போன ஸ்டுடியோ ஒன்றின் பழைய சாமான்களுக்குள் அதைக் கண்டெடுத்தார். கறுப்பு வெள்ளை. பின்னால் மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவர். முன்னால் நெஞ்சளவுக்கு ஒரு மனிதர். கையில் சைக்கிள் ஹேண்டில்பார். முதுகுக்குப் பின்னே மூட்டையின் தலை. பிதுங்கித் தெறிப்பதுபோல் கண்கள். கழுத்து நரம்பு கயிறாகத் திரண்டிருக்க, வாய் முழுசாகத் திறந்திருந்தது.

"பேர் தெரியாத மாவீரர்," என்றார் கண்ணபிரான். அன்றைக்கே சுவரில் ஐரோப்பிய வீரர்களின் படங்களுக்கு நடுவில், ஒரு சாண் உயர்த்தி, அந்தப் படம் மாட்டப்பட்டது.

அந்தத் திறந்த வாய் என்ன சொல்கிறது என்பதை ஆராய மூன்று கூட்டங்கள் நடந்தன. வெற்றி முழக்கம் என்றார் தலைவர். தாயை அழைக்கிறார் என்றார் பொருளாளர். சொல்லுக்கு அப்பாற்பட்ட மௌனம் என்று குறிப்பேட்டில் எழுதி விவாதத்தை முடித்துவைத்தார் கண்ணபிரான்.

அந்த மாவீரர் அப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பருத்திக்கொட்டை மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்.

திருப்பதிக்கு வயது அறுபத்தொன்று. முப்பது வருஷம் சைக்கிளில் மூட்டை ஏற்றிப் பசுவந்தனைப் பக்கத்து ஊர்களுக்குக் கொண்டுபோய்ப் போட்டவர். லோடு ஆட்டோ வந்தபிறகு சைக்கிளுக்கு வேலையில்லை. மூன்று வருஷமாக நந்தகோபால் கிட்டங்கியில் சுமைவேலை. பேரவையின் வாசலைத் தினமும் நூறு தடவை கடந்தாலும் யாரும் அவர் முகத்தைக் கவனித்ததில்லை. மூட்டை தூக்குகிறவர் முகம் தரையைப் பார்த்தே இருக்கும். மற்றவர்களுக்குத் தெரிவது மூட்டையின் முகம்தான்.

அவருடைய வலது முட்டி இப்போது மடக்கும்போதெல்லாம் கடலைத் தொலி உடைகிற மாதிரி சத்தம் போடுகிறது. அதனால் அவருக்கு ஒரே ஒரு ஆசை இருந்தது. ஒரு நாற்காலி. கிட்டங்கி வாசலில் வேப்ப மரத்து நிழலில், சிவப்பும் வெள்ளையுமாக வயர் பின்னிய இரும்பு நாற்காலி. வாட்ச்மேன் லிங்கராஜ் அதில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருந்தார். இந்த மாதத்தோடு வேலையை விட்டுவிட்டுத் திருப்பூரில் மகள் வீட்டுக்குப் போகப்போகிறார். காலையில் உட்கார வேண்டும், சாயங்காலம் எழுந்திருக்க வேண்டும். அதுதான் வேலை. வாழ்க்கையில் திருப்பதி உட்கார்ந்த ஒரே இருக்கை சைக்கிள் சீட்டு. அது ஓடிக்கொண்டே இருந்தது.

"போய்க் கேளுங்க," என்றாள் மனைவி சங்கரம்மாள். "கேட்டா வாயா தேஞ்சிரும்? முட்டிதான் தேஞ்சு போச்சு."

ஒரு ஞாயிற்றுக்கிழமை மூட்டை இல்லாமல் போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து வந்த குளிரில் மூச்சு அடைத்தது. வாய் முழுசாகத் திறந்துகொண்டது.

கண்ணபிரான் கையிலிருந்த போளி கீழே விழுந்தது. சுவரைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். மறுபடி சுவரைப் பார்த்தார்.

"தலைவரே," என்றார். "அவரு வந்திருக்காரு."

பதினோரு பேரும் எழுந்து நின்றார்கள். திருப்பதி திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யாரோ பெரிய ஆள் வருகிறாரோ என்று. யாரும் இல்லை.

"ஏ திருப்பதி," என்று ஆரம்பித்த நந்தகோபால் நாக்கைக் கடித்துக்கொண்டார். "அண்ணாச்சி. இது நீங்களா?"

திருப்பதி படத்தைக் கூர்ந்து பார்த்தார். "ஆமா மொதலாளி. அந்தச் சட்டை எம் மச்சினன் குடுத்தது."

"அன்னைக்கு மனசுல என்ன ஓடிச்சு?"

"வீட்டுல அரிசி கெடக்கான்னு ஓடிச்சு."

பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு எளிமை பாத்தீங்களா?"

"ஆனா மொதலாளி, நீங்க நெனைக்க மாதிரி இது ஏத்தம் இல்ல. இது வந்து..."

"தெரியும். உங்களுக்கு அது ஏத்தமே இல்ல," என்று நந்தகோபால் அவர் தோளில் கை வைத்தார். "மாவீரனுக்கு மலை சமதரை. எழுதிக்கிடும் கண்ணபிரான்."

கண்ணபிரான் எழுதிக்கொண்டார்.

திருப்பதி வந்த காரியத்தைச் சொன்னார். நாற்காலியைப் பற்றிக் கேட்டதும் நந்தகோபால் சிரித்தார். "நாற்காலிதான? தந்தாச்சுன்னு வச்சுக்கிடுங்க. அடுத்த ஞாயித்துக்கிழமை அந்த ஏத்தத்தைத் திரும்ப ஒரே ஒரு தடவை எங்களுக்குச் செஞ்சு காட்டுங்க. கீழ பந்தல் போட்டு, மாலை போட்டு, அந்த நாற்காலியில நானே உங்களை உக்கார வைக்கேன்."

படத்தின் உண்மை திருப்பதியின் தொண்டைவரை வந்தது. நாற்காலி அதை உள்ளே தள்ளிவிட்டது.

ஏற்பாடுகள் வரலாற்றுத் துல்லியத்துடன் நடந்தன. திருப்பதியின் பழைய சைக்கிளைக் கோழி அடைக்கும் கூரைக்குள்ளிருந்து வெளியே எடுத்தார்கள். கண்ணபிரான் பூதக்கண்ணாடியால் படத்தை ஆராய்ந்து, அதில் பிரேக் கம்பி அறுந்து தொங்குவதைக் கண்டுபிடித்தார். உடனே பிரேக் கட்டைகள் கழற்றப்பட்டன.

"செயலாளரே, பிரேக்கு வேணுமே."

"படத்துல இல்லையே அண்ணாச்சி."

"அன்னைக்கு வாங்க வக்கில்ல."

"அதான் அதோட அழகு."

அன்று காலை அவர் அந்தக் காலத்து உணவான கம்பங்கூழ் மட்டுமே குடிக்க வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள். அந்தக் காலத்தில் மேம்பாலத்துக்கு முன்னால் உள்ள கடையில் நாலு புரோட்டா தின்றுவிட்டுத்தான் கிளம்புவேன் என்றார் திருப்பதி. அந்தச் செய்தியைக் குறிப்பேட்டில் சேர்க்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டார்.

சிக்கல் வந்தது விதி நான்கில். 'வீரர் எக்காரணம் கொண்டும் சைக்கிளிலிருந்து இறங்கலாகாது.'

"மொதலாளி, ரெண்டு மூட்டையோட ஏத்தத்துல எவனும் மிதிக்க மாட்டான். எறங்கித் தள்ளத்தான் செய்வான்."

கண்ணபிரான் எழுதுவதை நிறுத்திப் பேனாவை மூடினார்.

"தள்ளுதது மலையேத்தமாவே?" என்றார் நந்தகோபால். அதிர்ச்சியில் 'அண்ணாச்சி' விட்டுப்போயிற்று.

"மூட்டை மேல போவுதுல்லா?"

இந்தக் கேள்வி உபகுழுவுக்கு அனுப்பப்பட்டது.

வீட்டில் சங்கரம்மாள் கேட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "முப்பது வருசம் வயித்துக்காக ஏறுனீங்க. ஒருத்தரும் வந்து பாக்கல. இப்பம் வயிறு நெறஞ்சவுக பாக்கணும்னு ஏறப் போறீங்க."

"நாற்காலி குடுப்பாவல்லா."

"குடுக்கட்டும். அதுல உக்காரக் காலு இருக்கணும்லா?"

அந்த ஞாயிறு வந்தது. மூன்று நாள் முன்பு ஒரு மழை பெய்து ஓய்ந்திருந்தது. ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில் ரசிகர்கள் வீரர் பெயரை எழுதுவது வழக்கம் என்பதால், பாலத்தின் தார்ச்சாலையில் சுண்ணாம்பால் 'திருப்பதி' என்று பெரிதாக எழுதி, மேல்நோக்கி ஒரு அம்புக்குறியும் போட்டிருந்தார்கள். மொட்டை போடப் போன வேன்காரர்கள் சிலர் அந்த அம்புக்குறியை நம்பிப் பசுவந்தனைவரை போய்விட்டுத் திரும்பி வந்தார்கள்.

திருப்பதி செருப்பில்லாமல் ஏறி உட்கார்ந்தார். பின்னால் இரண்டு மூட்டை பருத்திக்கொட்டை. கண்ணபிரான் விசிலை ஊதினார். திருப்பதி மூன்று மிதி மிதித்தார். நான்காவது மிதிக்கு முட்டி கடலைத் தொலியை உடைத்தது. இறங்கினார். ஒரு கை ஹேண்டில்பாரில், ஒரு கை மூட்டையில், உடம்பை முன்னால் சாய்த்துத் தள்ள ஆரம்பித்தார்.

பாலத்தின் கால்பங்கு உயரத்தில் அவசரக் கூட்டம் கூடியது. பின்னால் இரண்டு பஸ்ஸும் ஒரு தண்ணீர் லாரியும் ஆரன் அடித்தன. உபகுழு தன் அறிக்கையை அங்கேயே சமர்ப்பித்தது: 'கால்கள் மாறி மாறி இயங்குவதால், தள்ளுவது தரையை மிதிப்பதாகக் கருதப்படும்.' திருப்பதி தொடர்ந்து தரையை மிதித்தார்.

ஏழு ரசிகர்கள் பக்கத்திலேயே ஓடினார்கள். ஒருவர் மணி அடித்தார். ஒருவர் தலையில் தண்ணீர் ஊற்றினார். தலைவர் காரில் பின்னாலேயே வந்து, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "வேதனைப்படுங்க அண்ணாச்சி, வேதனைப்படுங்க," என்று உற்சாகப்படுத்தினார்.

அப்போது ஆடு மேய்க்கும் பெருமாயி நாற்பது ஆடுகளோடு அதே பாலத்தில் ஏறினாள். ஆடுகளுக்கு வரலாறு தெரியாது. ஓரமாக நெருக்கிக்கொண்டு முந்திப் போய்விட்டன. அன்று மூன்றாவது மலையின் சிகரத்தை முதலில் தொட்டது ஒரு கறுப்புக் கிடா. கண்ணபிரான் நேர்மையானவர். நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

பெருமாயி திருப்பதியின் பக்கத்தில் வந்ததும் நின்றாள். ஓடுகிறவர்களை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏழு பேரு கூட ஓடுதியளே. ஒருத்தராவது பின்னால ஒரு கை குடுக்கப்படாதா?"

"ரசிகர் கை வைக்கக்கூடாதும்மா. விதி ஒன்பது."

"அப்பம் எதுக்கு ஓடுதிய?"

"ஆதரவுக்கு."

பெருமாயி ஆட்டை விரட்டுகிற கம்பை மூட்டைக்குக் கீழே கொடுத்து ஒரு நெம்பு நெம்பிவிட்டுப் போனாள். ரசிகர் அல்லாதவருக்கு விதி பொருந்தாது என்று கண்ணபிரான் தீர்ப்புச் சொன்னார்.

உச்சியை அடைந்ததும் பதினோரு பேரும் கைதட்டினார்கள். நந்தகோபால் காரிலிருந்து இறங்கி, ஒரு செய்தித்தாளை நாலாக மடித்து, வியர்வை வழியும் திருப்பதியின் சட்டைக்குள் செருகினார். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. படம் எடுத்துக்கொண்டார்கள். பிறகு எல்லோரும் கார்களில் ஏறிக் கீழே பந்தலுக்குப் போய்விட்டார்கள். மலையேற்றம் முடிந்துவிட்டது. இறக்கத்தைப் பற்றி எந்தப் பேரவையும் பேசுவதில்லை.

திருப்பதி உச்சியில் தனியாக நின்றார். பின்னால் இரண்டு மூட்டை. முன்னால் கிழக்குச் சரிவு. கையில் பிரேக் இல்லை.

அவருக்கு அந்த இடம் நன்றாகத் தெரியும். ஏற்றம் உடம்பைத்தான் கேட்கும். இறக்கம் உயிரைக் கேட்கும். தள்ளிக்கொண்டு இறங்கலாம் என்றால் மூட்டை ஆளை இழுத்துக்கொண்டு போய்விடும். அதனால் அந்தக் காலத்தில் ஏறி உட்கார்ந்து, வெறுங்காலை முன்சக்கரத்தின் டயரில் வைத்து அழுத்திக்கொண்டே வருவார். உள்ளங்கால் தீயும். கீழே சரிவு முடியும் இடத்தில் இடது பக்கம் உழுதுபோட்ட ஒரு கரிசல் காடு. சைக்கிளை அதற்குள் திருப்பிவிட்டால் ஈரக் கரிசல் பத்தடிக்குள் சக்கரத்தைப் பிடித்து நிறுத்திவிடும். பிரேக் கட்டை வாங்க வக்கில்லாத நாளில் அவருக்கு அந்த நிலம்தான் பிரேக்.

உட்கார்ந்தார். காலை டயரில் வைத்தார். சைக்கிள் கிளம்பியது.

பாதிச் சரிவில்தான் பார்த்தார். கரிசல் காட்டின் வாசலை அடைத்துக்கொண்டு பேரவையின் பந்தல் நின்றது. மேடை, மைக், நடுவில் மாலை சுற்றிய வயர் நாற்காலி, முன்னால் வரிசையாகப் பதினோரு பேர்.

அவர் கண்கள் பிதுங்கித் தெறிப்பதுபோல் ஆயின. கழுத்து நரம்பு கயிறாகத் திரண்டது. வாய் முழுசாகத் திறந்தது.

"வெலகுங்க."

பதினோரு பேரும் செல்போனைத் தூக்கினார்கள்.

"வெலகுங்க மொதலாளி, வெலகுங்க."

"மாவீரர் ஏதோ முழங்குகிறார்," என்று கண்ணபிரான் மைக்கில் அறிவித்தார். ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு கொண்டுவந்திருந்த புகைப்படத்தைக் கண்ணுக்கு நேரே பிடித்தார். படத்தில் ஒரு முகம். படத்துக்கு மேலே, அதே முகம், பெரிதாகிக்கொண்டே வந்தது.

"தலைவரே," என்றார். மைக் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. "இது எறக்கம்."

அதன்பிறகு எல்லோரும் விலகினார்கள். பந்தல்கால் இரண்டு முறிந்தன. நாற்காலி எகிறி விழுந்து ஒரு கால் வளைந்தது. பந்தலைத் தாண்டிப் பத்தடியில், கரிசல் மண் பழைய பழக்கத்தை மறக்காமல் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டது. சைக்கிள் நின்றது. திருப்பதி நிற்கவில்லை. ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து சேற்றில் போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு அவர் உட்கார்ந்தது அங்கேதான்.

பந்தல் ஓரத்தில் நின்றிருந்த சங்கரம்மாள் சேற்றுக்குள் ஓடிவந்து அவருடைய கையையும் காலையும் அசைத்துப் பார்த்தாள். முழங்கையில் தோல் போயிருந்தது. உள்ளங்கால் கொப்பளித்திருந்தது. சட்டைக்குள்ளிருந்த செய்தித்தாளை உருவி எடுத்தாள். "இது என்னங்க? வடையக் கட்டுதாப்புல கட்டி விட்டிருக்காவ?"

அதைக் கொண்டே அவர் முகத்துச் சேற்றைத் துடைத்தாள்.

மறுநாளே பேரவையின் அவசரப் பொதுக்குழு கூடியது. பேரவைக்கு வந்த நெருக்கடி சாதாரணமானதல்ல. சுவரில் ஒரு சாண் உயரத்தில் தொங்கும் மாவீரர் மலை ஏறவில்லை, இறங்கியிருக்கிறார். படத்தைக் கழற்றினால் பேரவைக்கு வரலாறு இல்லை. மாட்டியிருந்தால் வரலாற்றில் உண்மை இல்லை. நாலு மணி நேர விவாதத்துக்குப்பின் மூன்று தீர்மானங்கள் நிறைவேறின.

ஒன்று: மேம்பாலத்தின் கிழக்குச் சரிவு, மேலிருந்து கீழே வரும்போதும் 'ஏற்றம்' என்றே கொள்ளப்படும்.

இரண்டு: மாவீரரின் சைக்கிள் மோதிய வயர் நாற்காலி 'வரலாற்றுச் சின்னம்' ஆகும். அது படத்துக்குக் கீழே வைக்கப்பட்டுச் சுற்றிலும் கயிறு கட்டப்படும். யாரும் அதில் உட்காரலாகாது.

மூன்றாவது தீர்மானத்தைத் திருப்பதியை அழைத்து நந்தகோபாலே நேரில் விளக்கினார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கக்கூடாது. நீங்க வாட்ச்மேனா உக்காந்தா அந்த மொகம் என்னத்துக்கு ஆவும்? எட்டு மணி நேரம் நெழல்ல இருந்தா ஒரே மாசத்துல மொகம் தெளிஞ்சிரும். வரலாறு நம்மள மன்னிக்காது."

"அப்பம் வாசல்ல யாரு உக்காருவா மொதலாளி?"

"கேமரா மாட்டியாச்சு. அதுக்கு உக்கார வேண்டாம்."

"நான் எங்கன உக்கார?"

நந்தகோபால் கலங்கிய கண்களோடு சுவரைக் காட்டினார். "நீங்க அங்க இருக்கீங்க. அதுக்கு மேல ஒரு எடம் உண்டா?"

ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். சங்கரம்மாள் அதைக் கோழி அடைக்கும் கூரையில் ஓட்டை இருந்த பக்கம் விரித்துக் கட்டினாள்.

அதற்கு அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கூட்டம் நடந்தது. கிட்டங்கியில் சரக்கு அதிகம் வந்துவிட்டதால் கண்ணாடி அறைக்குள்ளும் ஒரு சுவரோரம் மூட்டை அடுக்க வேண்டியிருந்தது. பேரவையினர் படத்துக்கு முன்னால் நின்றார்கள்.

"இப்ப எவன் இந்த மாதிரி பாடுபடுதான்?" என்றார் பொருளாளர்.

"அந்தக் காலத்து ஆளுவ எல்லாம் போயாச்சு அண்ணாச்சி."

"எங்க தேடினாலும் கெடைக்காது."

ஒரு நிமிடம் மௌனமாக இருப்பது என்று முடிவாயிற்று. பதினோரு பேரும் கண்ணை மூடினார்கள். கண்ணபிரான் விநாடிகளை எண்ணினார். இருபதாவது விநாடியில் கண்ணாடிக் கதவு திறந்தது. கடலைத் தொலி உடைகிற சத்தம் கேட்டது.

"வெலகுங்க மொதலாளி. மூட்டை வருது."

யாரும் கண்ணைத் திறக்காமலே ஆளுக்கு ஓரடி நகர்ந்து வழிவிட்டார்கள். மௌனம் மீண்டும் முதலிலிருந்து தொடங்கப்பட்டது.

அன்றைய குறிப்பேட்டில் கண்ணபிரானின் முத்து முத்தான கையெழுத்தில் உள்ள கடைசி வரி இது: 'மாவீரருக்கு அஞ்சலி செலுத்தும் வேளையில் குறுக்கே புகுந்து மௌனத்தைக் கலைத்த சுமைக்கூலியாளை, பெயர் தெரியவில்லை, இப்பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது.'